பிரார்த்தனைக்கு முன்னால் உருளைக்கிழங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

1856 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் சிட்டியில் காலை வழிபாட்டுக்கு மக்கள் கூடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் என்ற மதப்பிரிவின் தலைவர் பிரிகாம் யங் எழுந்து, பிற்பகல் கூட்டம் இன்று கிடையாது என்கிறார். பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டவேண்டும். பனியில் சிக்கி மீண்ட, மார்ட்டின் குழு என்ற குடியேறிகள் ஊருக்கு வந்து சேரும் நாள் அது. சிலருக்குக் கணுக்கால் வரையும், சிலருக்கு முழங்கால் வரையும் உறைந்திருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். அவர்களைத் தனியாக ஒரு வீட்டில் ஒதுக்கி வைக்காதீர்கள், வசதியான வீடுகளுக்குப் பிரித்து அனுப்புங்கள், சொந்தப் பிள்ளைகளைப்போல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். பிரார்த்தனை நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் புட்டிங்கும் பாலும் தேவைப்படுகிற இடத்தில் பிரார்த்தனை அதற்கு ஈடாகாது என்றும் சொன்னார். ஒரு மதத்தலைவர் வழிபாட்டு மேடையில் நின்று சொன்ன சொல் இது.

அந்த மக்களின் விருந்தோம்பலை வெறும் இரக்கமாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அது எண்ணிக்கையும் பங்கீடும் கொண்ட ஒரு வேலை. அந்த வேலையை அவர்கள் கற்றது தாங்களே விருந்தாளிகளாக நின்ற காலத்தில்.

1838 அக்டோபர் 27 அன்று மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மோர்மன்களை மாநிலத்தைவிட்டுத் துரத்தவேண்டும், இல்லையேல் ஒழித்துக்கட்டவேண்டும் என்று ஆணையிட்டார். மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் சிறையில் இருந்தார். 1839 ஜனவரி 29 அன்று மிசூரியில் மோர்மன்கள் வாழ்ந்த ஃபார் வெஸ்ட் ஊரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. போக விரும்பும் ஏழைகளில் கடைசி ஆள் வெளியேறும் வரை, கையிலிருக்கும் சொத்தையெல்லாம் அதற்காகக் கொடுப்போம் என்பது அதன் சாரம். 214 பேர் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தோடு நிற்காமல், போகும் வழியில் ஆங்காங்கே சோளம் இருப்பு வைக்கவும், படகுத்துறையில் கூலி பேசி முடிக்கவும் முன்னதாகவே ஆள் அனுப்பினார்கள். நடந்து வருகிறவனுக்குப் பசி எடுப்பதற்கு முன்பே சோளம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும், இல்லையா?

மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரம். அங்கே இருந்தவர்களே ஏறக்குறைய 1,500 பேர்தான். வந்து இறங்கியவர்கள் பல ஆயிரம். பிப்ரவரி மாதம் குவின்சியின் ஜனநாயகச் சங்கம் கூடித் தீர்மானங்கள் போட்டது. வீடற்றவர்களுக்கு இடம் தேட, வேலை பிடித்துத் தர ஒரு குழு அமைத்தார்கள். இன்னொரு தீர்மானம்தான் மனதைத் தொடுகிறது: புதிதாக வந்தவர்களின் மனம் புண்படும்படி எந்தப் பேச்சும் பேசவேண்டாம், பழகும்போது கண்ணியமும் நயமும் வேண்டும் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டார்கள். சோறு போட்டுவிட்டு முகம் திரிந்தால் அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. அதை ஒரு சங்கம் தீர்மானமாகவே எழுதி வைத்தது.

அகதிகள் தரப்பில் கேட்டதும் கவனிக்கத்தக்கது. வேலை கொடுங்கள், நிலத்தைக் குத்தகைக்கு விடுங்கள், மற்ற குடிமக்களுக்கு உள்ள பாதுகாப்பைக் கொடுங்கள் என்றார்கள். தானத்திலேயே நெடுங்காலம் உட்கார்ந்திருக்க அவர்கள் விரும்பவில்லை.

பின்னாளில், 1843 ஜூலை 23 அன்று, இல்லினாயில் மோர்மன்கள் குடியேறிய நாவூ நகரில் ஜோசப் ஸ்மித் நட்பைத் தங்கள் மதத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று என்றார். டர்லி என்ற கொல்லர் தன் பட்டறையில் இரும்போடு இரும்பை ஒட்டவைப்பதுபோல நட்பு மனிதரை ஒன்றாக்குகிறது என்று உவமை சொன்னார். பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு அந்த உவமையின் அழுத்தம் புரியும். இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில் வெண்சூட்டுக்கு வரவேண்டும். ஒன்று மட்டும் பழுத்து மற்றது ஆறியிருந்தால் எவ்வளவு அடித்தாலும் ஒட்டாது. இடையில் துரு கசடு தங்கினால் வெளியே ஒட்டினதுபோல் தெரியும், பளு ஏறியதும் பிளந்துவிடும். அதனால்தான் ஒட்டும் முகத்தில் மணல் தூவிக் கசடை உருக்கி வெளியேற்றுவார்கள்.

அதே மாதம் 28ஆம் தேதி, நாவூவின் பெண்கள் நிவாரணச் சங்கம் நான்கு வார்டுகளுக்கு வார்டுக்கு நால்வராக 16 பெண்களை நியமித்தது. வீடு வீடாகப் போய் வறியவர்களையும் நோயாளிகளையும் தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கேட்டு வருகிறவனுக்குக் கொடுப்பது எளிது. கேட்க வாய் வராதவனைத் தேடிப்போவதற்குத்தான் ஆள் வேண்டும்.

இனி 1856க்கு வருவோம். அதற்குள் மோர்மன்கள் மேற்கே யூட்டாவில், சால்ட் லேக் சிட்டியில் குடியேறியிருந்தார்கள். அவர்களோடு சேர ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகள் மாட்டுவண்டிக்குக் காசில்லாமல், ஐயோவா சிட்டியிலிருந்து ஏறக்குறைய 1,300 மைல் கைவண்டி இழுத்து நடந்தார்கள். ஐந்து பேருக்கு ஒரு வண்டி, இருபது பேருக்கு ஒரு கூடாரம், ஆளுக்கு 17 பவுண்டு மூட்டை. அந்த ஆண்டின் கடைசி இரு குழுக்களான வில்லி, மார்ட்டின் குழுக்கள் மிகவும் தாமதமாகக் கிளம்பின. காயாத பச்சை மரத்தில் செய்த வண்டிகள் வறண்ட காற்றில் சுருங்கி உடைந்தன. பாரம் தாங்காமல் மார்ட்டின் குழு, மூட்டையை ஆளுக்குப் பத்துப் பவுண்டாகக் குறைத்துப் போர்வைகளையும் கோட்டுகளையும் வழியில் போட்டுவிட்டது. சில நாட்களில், அக்டோபர் 19 அன்று, பனிப்புயல் அடித்தது.

இக்குழுக்கள் இன்னும் வழியில் இருக்கிற செய்தி அதற்கு முன்பே, அக்டோபர் 4 அன்று சால்ட் லேக் சிட்டிக்கு எட்டியிருந்தது. மறுநாளே பிரிகாம் யங் மேடையில் ஒரு பட்டியல் வாசித்தார்: 60 முதல் 65 ஜோடி கோவேறு கழுதைகள், 12 முதல் 15 வண்டிகள், 12 டன் மாவு, 40 நல்ல வண்டியோட்டிகள். கூட்டத்திலேயே பெண்கள் உள்பாவாடைகளையும் காலுறைகளையும் கழற்றிக் கொடுத்தார்கள். பின்பு ப்ரோவோ ஊரில் சேர்த்த படுக்கைகளையும் துணிகளையும் நான்கு பிஷப்புகளால் (வார்டு எனப்படும் உள்ளூர்ச் சபைகளின் தலைவர்களால்) சுமந்து செல்வதே கடினமாயிற்று. கொடுத்தவர்களும் வசதியானவர்கள் அல்லர். முந்தின ஆண்டு வெட்டுக்கிளி விளைச்சலைத் தின்றது, அடுத்து வந்த குளிர்காலத்தில் மாடுகள் மாண்டன.

அக்டோபர் 7 அன்று முதல் வண்டிகள் புறப்பட்டன. பின்னால் வந்த பல வண்டிகள், குழுக்கள் எங்கோ தங்கியிருக்கும் அல்லது இறந்திருக்கும் என்று தாமாகவே முடிவுசெய்து பாதியில் திரும்பிவிட்டன. தூது அனுப்பி அவற்றை மீண்டும் திருப்பவேண்டியிருந்தது. ரெடிக் ஆல்ரெட் என்பவரை மட்டும், சவுத் பாஸ் என்ற மலைக்கணவாய் அருகே மாவோடு காத்திரு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பியவர்கள் அவரையும் அழைத்தார்கள். அவர் நகரவில்லை. பல வாரங்கள் கழித்து மார்ட்டின் குழு வந்தபோது மாவு அங்கேயே இருந்தது. இந்த முழு மீட்பில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

இரு குழுக்களிலும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வந்து சேர்ந்தவர்களை பிஷப்புகள் வார்டு வாரியாக வீடுகளுக்குப் பிரித்தார்கள். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று வயிறு நிறையப் போட்டால் இரத்தத்தில் உப்புச் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகலாம். ஆகவே பாலும் கிழங்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரவேண்டும். உறைந்த கால்களுக்கு அன்றைய பொது வைத்தியம் பனியால் தேய்ப்பது. அது தசையை மேலும் சிதைக்கும் என்பதை இன்று அறிவோம். வெதுவெதுப்பான நீர்தான் சரி.

அடுத்த ஆண்டையும் சொல்லியாகவேண்டும். 1857இல் அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கி வந்தது. வழிப்போக்கர்களுக்குத் தானியம் விற்காதீர்கள் என்று தெற்கு ஊர்களுக்குச் சொல்லப்பட்டது. விருந்தாளிக்கு மாவு திரட்டிய அதே ஊர்க் கட்டமைப்பு இப்போது மாவைப் பூட்டியது. செப்டம்பர் 11 அன்று மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், ஆர்கன்சாவிலிருந்து வந்த பயணிகளுக்கு வெள்ளைக்கொடி காட்டிப் பாதுகாப்பாக அழைத்துப்போவதாக வாக்களித்து, ஆயுதங்களை வாங்கிக்கொண்ட பின், மோர்மன் குடிப்படையினரும் அவர்களோடு சேர்ந்த பையூட் என்ற பூர்வகுடியினர் சிலரும் ஏறக்குறைய 120 பேரைக் கொன்றார்கள். உயிரோடு விடப்பட்டவர்கள் 17 சிறு குழந்தைகள். அவர்கள் அக்கம்பக்கத்து மோர்மன் வீடுகளிலேயே வளர்ந்தார்கள். 1859இல் அரசு அதிகாரிகள் வந்து அவர்களை வீடு வீடாகத் தேடிச் சேர்த்து, ஆர்கன்சாவில் இருந்த உறவினர்களிடம் அனுப்பிவைத்தார்கள்.