கடைசி லோக்கலில் வீடு திரும்புகிறவரின் பசி

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையின் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் என்னிடம் வருகிற சர்க்கரை நோயாளிகள் பலர், நாற்காலியில் உட்கார்ந்ததுமே குற்றம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள். “வாயைக் கட்ட முடியலை டாக்டர்” என்பார்கள். கூட வந்த மனைவி, “ராத்திரி பதினோரு மணிக்கும் தட்டு நிறையச் சோறு வேணும் இவருக்கு” என்று சேர்த்துக்கொள்வார். அவர்களிடம் சொல்வதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். பசியை நடத்துவது மூளை. அதைப் புரிந்துகொள்ளாமல் ஆளைத் திட்டிப் பயனில்லை.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி, பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும். உடம்பில் எவ்வளவு சக்தி இருப்பு இருக்கிறது என்ற தகவல் அங்கே வந்துகொண்டே இருக்கிறது. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இருப்பு போதும் என்பது அதன் சேதி. காலி வயிறு கிரெலினைச் சுரந்து சாப்பாடு கேட்கிறது. சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கிளம்பி, நிறுத்தலாம் என்கிறது.

1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். ஆனால் பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறையவே இருந்தது. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிகொடுக்கவில்லை.

எடையைக் குறைத்தவர்களின் பாடு இன்னும் கஷ்டம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த கொழுப்பைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. குறைத்த எடை மறுபடி ஏறிவிட்டது என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை.

சரி, மும்பைக்கு வருவோம். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வடாபாவ், சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் நெரிசலில் தொற்றிக்கொண்டு டோம்பிவிலி, கல்யாண் போய்ச் சேர மணி பத்து, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு, விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும். இந்த வாழ்க்கை அந்த ஹார்மோன்களை என்ன செய்கிறது?

2004-இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் அவர்களுக்கு ஆசை அதிகமானது. 2022-இல் பாஸ்டனில் இன்னொரு ஆய்வு. அதே சாப்பாடு, அதே அளவு. ஆனால் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். லெப்டின் குறைந்தது, பசி கூடியது, உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்தது. பங்கேற்றவர்கள் பதினாறே பேர், சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

குறைவாகச் சாப்பிடுவதற்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பீர்கள். குறைவாகச் சாப்பிட்ட எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 1935-இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டிவிட்டார்கள். மனிதர்களை வைத்து அமெரிக்காவில் இரண்டு வருடம் நடந்த கேலரி (CALERIE) என்ற உணவுக் குறைப்பு ஆய்வில் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எல்லாம் மேம்பட்டன. ஆயுள் எத்தனை வருடம் கூடும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அதில் என் கண்ணில் படுவது வேறொன்று: கலோரியை 25 சதவீதம் குறைக்கத்தான் திட்டம், நிபுணர்கள் கூடவே இருந்தும் சராசரியாக முடிந்தது ஏறக்குறைய 12 சதவீதம். ஆர்வத்தோடு வந்தவர்களையே மூளை அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது! அந்தப் பாதிக் குறைப்பே இவ்வளவு நன்மை செய்தது என்பது பெரிய ஆறுதல்.

எடை குறைக்க இப்போது எல்லோரும் கேட்கும் ஊசி, செமாகுளுடைட், ஜிஎல்பி-1 போலவே மூளையில் வேலை செய்கிறது. இதய நோயும் கூடுதல் எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் வரும் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்ததாக 2023-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நல்ல மருந்துதான். ஆனால் நிறுத்தினால் பசி திரும்பும், எடையும் பெரும்பாலும் ஏறும். மருத்துவர் பார்க்காமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எல்லோராலும் முடிகிற ஒன்று, இரண்டாவது டப்பா. இரண்டு சப்பாத்தியோ கொஞ்சம் சுண்டலோ முட்டையோ கட்டிக்கொண்டு போய், ஏழு மணிக்குள் ஆபீசிலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் மோரோ ரசமோ போதும். அப்புறம் சீக்கிரம் படுக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் அந்த டப்பாவைக் கட்டிக் கொடுத்தால் பத்து அறிவுரையைவிட அது உதவும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதற்கு முன் டோஸைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நேரம் மாறி டோஸ் மாறாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ஓடும் ரயிலில் அது ஆபத்து.

நன்றி, வணக்கம்.