தலைகீழாகத் தெரிந்த எண்

நேயர்களுக்கு வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் தள்ளாத வயதினரையும் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கொரோனா காலத்தில் ஒரு நாள், இரவு பதினோரு மணிக்கு மேல், என்னிடம் பயின்ற ஒரு பெண் போன் செய்தார். "மேடம், அய்யாவுக்கு ஆக்ஸிஜன் 86 காட்டுது." விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் கருவியைத்தான் சொன்னார். குரல் நடுங்கியது. 94-க்குக் கீழே இறங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பெரியவருக்கு மூச்சுத் திணறவில்லை, உதடு நீலம் பாரிக்கவில்லை. ஆனால் அந்த நோயில் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிஜன் சத்தமில்லாமல் இறங்குவதும் உண்டு. அதனால் அதை நம்பி விட்டுவிடவும் முடியாது. "கருவியை உன் விரலில் மாட்டிப் பாரும்மா" என்றேன். "எனக்கும் 86தான் மேடம்" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தச் சின்னக் கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 ஆகத் தெரியும். கையில் காகிதம் இருந்தால் எழுதித் திருப்பிப் பாருங்கள். திருப்பச் சொன்னேன். 98.

இருவரும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தோம். படுத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 98 என்பது 86 ஆகத் தெரிந்தால் ஒரு இரவின் பதற்றத்தோடு போயிற்று. நிஜமாகவே 86-க்கு இறங்கிவிட்டவருக்குத் திரை 98 என்று காட்டினால்? நோட்டில் 98 என்று குறித்துவிட்டு, நிம்மதியாக விளக்கை அணைத்திருப்பார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளும் தலைகீழாகத்தான் நின்றிருக்கும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சட்டென்று கண்டுபிடித்திருப்பார். இவருக்கு அது வெறும் கோடு. ஆனால் அதே பெண், பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்துக்கொண்டவர். அவரை விவரம் போதாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சுகாதார எழுத்தறிவு என்று ஒரு சொல் இருக்கிறது. 1970-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது. டான் நட்பீம் என்ற அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இதை மூன்று படிகளாகப் பிரித்தார். எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வது முதல் படி. பேசி, கேட்டுத் தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துவது இரண்டாவது. காதில் விழுவதை எடைபோட்டுப் பார்ப்பது மூன்றாவது. நாம் எல்லோரும் முதல் படியிலேயே நின்றுகொண்டு துண்டறிக்கை அச்சடிக்கிறோம். வீட்டுப் பணியாளருக்கு இடறுவது இரண்டாவது படியில் என்பது என் அனுபவம். மருத்துவமனையில் ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த மேஜையில் சீனியர் இருப்பார். இவர் ஓர் அறைக்குள் தனி ஆள். டாக்டர் மகனிடம் பேசுவார், மகன் மருமகளிடம் சொல்வார், மருமகள் சமையலறையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் இவர் காதுக்கு வருவது பாதி.

பெருந்தொற்றில் இந்தப் பாதிச் செய்தி படுத்திய பாடு கொஞ்சமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்றது. தொடக்கத்தில் தொட்ட இடத்தையெல்லாம் துடை, கை கழுவு என்றார்கள். காற்றில் பரவாது என்றுகூட அந்த மாதக் கடைசியில் சொன்னார்கள். பிறகு 2021-இல், காற்றோட்டமில்லாத அறையில் காற்றின் வழியாகவும் பரவும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆராய்ச்சி வளர வளரப் பேச்சு மாறுவது இயல்புதான். மாறிய பேச்சை வீட்டுக்குள் இருப்பவரிடம் யார் போய்ச் சொன்னார்கள்? நான் பார்த்த ஒரு வீட்டில் கதவுப் பிடியை ஒரு நாளைக்கு மூன்று வேளை துடைத்தார்கள். நோயாளியின் அறை ஜன்னலை மட்டும் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள், கிருமி உள்ளே வந்துவிடுமாம். அங்கே வேலை செய்த பெண் முன்பக்கம் வால்வு வைத்த மாஸ்க் அணிந்திருந்தார். அவருக்கு அது பாதுகாப்புதான். ஆனால் அவர் விடும் மூச்சு அந்த வால்வு வழியாக வடிகட்டாமல் நேரே வெளியே வரும், படுக்கையில் இருக்கும் பாட்டியின் முகத்துக்கு. விலை கூடுதல் என்பதால் அதை வாங்கிக் கொடுத்தவர்கள் வீட்டுக்காரர்கள். அவர்களும் படித்தவர்கள்தான்.

ப்ளீச் விஷயமும் இப்படியே. தரையைத் துடைக்க 0.1 சதவீதக் கரைசல் என்று எழுதிவைத்தால் யாருக்கும் கையில் அளவு வராது. 5 சதவீத ப்ளீச் ஒரு மூடி, அதே மூடியால் தண்ணீர் 49 மூடி என்று சொன்னால் வரும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பிவிடும். இதைச் சொன்ன பிறகு, "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்பார்கள், நானே டாக்டரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். "நாளைக்கு உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தங்க வேலைக்கு வர்றாங்க, அவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்பேன். அவர் தடுமாறினால் நான் சொன்ன விதம் சரியில்லை என்று அர்த்தம். திரும்பச் சொல்வேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதியவர்களுக்குக் கொரோனா வந்தால் காய்ச்சலே இல்லாமல் போகலாம். குழப்பமாகப் பேசுவது, எழும்போது தடுமாறி விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது என்றுகூடத் தொடங்கலாம். இது தெர்மாமீட்டருக்குத் தெரியாது. "இன்னிக்கு அய்யா ஒரு மாதிரி இருக்கார்" என்று பணியாளர் சொல்வாரே, அந்த "ஒரு மாதிரி"தான் அங்கே முதல் அறிகுறி. "காய்ச்சல் இல்லையே, நீ சும்மா இரு" என்று அவர் வாயை அடைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

தெரிந்திருந்தும் செய்ய முடியாத நிலையையும் சொல்ல வேண்டும். தனக்குத் தொண்டை கரகரத்தால் வேலைக்கு வரக்கூடாது என்பது அந்தப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். வராவிட்டால் அன்றைய கூலி கிடையாது என்பதும் தெரியும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 2011-லேயே ஏற்கப்பட்டது, எண் 189. அதற்கு ஒப்புதல் தராத நாடுகள் இன்னும் நிறைய. இதற்குத் துண்டறிக்கை எதுவும் உதவாது.

அந்த 86 பெண்ணைச் சில வாரம் கழித்துச் சந்தித்தேன். ஆக்ஸிமீட்டரை எடுத்துக் காட்டினார். மேல்பக்கம் எது என்று தெரிய, ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார். பொட்டு மேலே இருந்தால் சரி, கீழே இருந்தால் திருப்பிப் பிடி. இரவுப் பணிக்கு வரும் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏன் மேடம், இதைச் செஞ்சவங்களே ஒரு பொட்டு வெச்சுக் கொடுத்திருக்கலாமில்ல?"