படித்துக் காட்டாத அறிக்கை

(பொறியாளர் நாளையொட்டிச் சென்னையில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் ஆற்றிய உரை)

தலைமையேற்றிருக்கும் முதல்வர் அவர்களே, என்னை விடாமல் அழைத்து இங்கே கொண்டுவந்து சேர்த்த தமிழ்த்துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, துறைத் தலைவர்களே, நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பணிமனைப் பயிற்றுநர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பயிற்றுநர் ஐயாவிடம் அரம் பிடிக்கக் கற்றவர்கள் இன்று கிண்டியிலும் அம்பத்தூரிலும் பட்டறை நடத்துகிறார்கள். அவர் இருக்கும் அவையில் பேசுவது எனக்குப் பெருமை. காலை மழையில் சைதாப்பேட்டையில் பஸ் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் பொறுத்திருந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. பொன்னாடை போர்த்திய மாணவர் தலைவருக்கும் நன்றி. தம்பி, அடுத்த முறை ஒரு புத்தகம் கொடுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு ‘அறிக்கைகள் பலவகை’. ஆய்வக அறிக்கை, களப்பணி அறிக்கை, விபத்து அறிக்கை, திட்டப்பணி அறிக்கை என்று நான்கைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆய்வக அறிக்கையின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: நோக்கம், கருவிகள், செய்முறை, அளவீடு, முடிவு. ஆனால் நடப்பது என்ன? சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, விடையிலிருந்து அளவீட்டைப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் பாட்டி ஓயாமல் சொல்வாள். கையால் அளந்த அளவு கொஞ்சமாவது பிசகும். பிசகே இல்லாத நோட்டைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு மனம் வலித்திருக்கிறது.

களப்பணிக்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம், நில அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை, அதாவது ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும். அதனால் நீளத்தோடு வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே போனார்கள். எந்த நிலையில் அளந்தோம் என்று எழுதாத எண்ணை யார் நம்புவார்கள்?

இனி விபத்து அறிக்கை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சியில் இருந்தான். அங்கே உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் வலது கை ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. அறிக்கை எழுதும் வேலை பையனுக்கு வந்தது. நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினான். தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று முடித்திருந்தான். என்னிடம் காட்டினான். நானும் ஒற்றுப்பிழை பார்க்கிற ஆசிரியனைப் போல இலக்கணத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அவனோடு நானும் போனேன். அந்தப் பெரியவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் தமிழில் கையெழுத்திட்டார். பேனா இரண்டு முறை நழுவியது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டார்: “இதில் என்ன எழுதியிருக்கிறது தம்பி?”

பையன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. பெரியவர் கோபப்படவில்லை. “கார்டைக் கழற்றி மூன்று வாரமாக அந்த மூலையில் போட்டிருக்கிறார்களே, அதை எழுதவில்லையா?” என்றார். திரும்பிப் பார்த்தோம். சாக்கு மூட்டைக்குப் பின்னால், நான்கு போல்ட்டு ஓட்டைகளோடு, துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது அந்தப் பாதுகாப்புத் தடுப்பு. இரண்டு பேரும் அதுவரை அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய்! பையன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினான். அதன்பிறகுதான் ஆங்கிலப் படி எழுதினான்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியும்போது, வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு படியை இலவசமாகக் கொடுக்கவும் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஒரு காவல் நிலையத்திடம் எதிர்பார்ப்பதைக் கல்லூரியிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

ஆகவேதான் நான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: ஒவ்வொரு திட்டப்பணி அறிக்கையின் முதல் தாளாக ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இருக்க வேண்டும். எங்கே பார்த்தோம், யாரைக் கேட்டோம், என்ன கண்டோம், என்ன செய்யலாம் என்பதை அதில் எழுதுங்கள். எந்தப் பட்டறையில், எந்த வார்டில் ஆய்வு செய்தீர்களோ அங்கே போய்ப் படித்துக் காட்டி ஒரு படி கொடுங்கள். கலைச்சொல் இல்லையே என்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் 2010-லேயே தமிழ்வழியில் தொடங்கிவிட்டது. ‘போல்ட்டு’ என்று பட்டறையில் சொன்னால் ‘போல்ட்டு’ என்றே எழுதுங்கள். கூவத்தின் நீரைச் சோதித்து நாற்பது பக்கம் எழுதி, கரையில் குடியிருப்பவருக்கு ஒரு வரிகூடப் புரியாவிட்டால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

முதல்வர் அவர்களே, இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களிடம் இதைத் தொடங்கி வையுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். மாதிரிக்காகப் பத்துத் தாள்கள் கொண்டுவந்திருக்கிறேன். நூலகர் அம்மா, அவற்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் தொகுப்பு தயாரானதும் தேதியைச் சொல்லியனுப்புங்கள். நான் வந்து, மாணவர்களோடு பட்டறைக்கும் வருகிறேன். வணக்கம்.