எஸ்.ஓ.எஸ். எழுதியது யார்?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் முப்பது வருசம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வு எனக்குத்தான், வேலைக்கு இல்லை. கையில் ஒரு கடதாசியோடு யாராவது படலையில் வந்து நிற்பது இன்னும் குறையவில்லை.

போன மாதம் வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. கையில் கிளினிக் துண்டு. கூடவே ஓ.எல். படிக்கிற பேரன், முகமெல்லாம் வெளிறிப்போய். "தாத்தா, அம்மம்மாவின்ர துண்டில எஸ்.ஓ.எஸ். எண்டு எழுதிக் கிடக்கு. கப்பல் தாழேக்க அனுப்புறதுதானே அது?"

வாங்கிப் பார்த்தேன். பனடோல் இரண்டு, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். துறைமுகப் பட்டினத்துப் பிள்ளை, கப்பலைத்தானே நினைப்பான்! ஆனால் டொக்டர் எழுதியது லத்தீன். 'சி ஓப்புஸ் சிற்' என்பதன் முதலெழுத்துகள். 'தேவைப்பட்டால்' என்று பொருள். நோவு இருந்தால் போடுங்கோ, இல்லாவிட்டால் விடுங்கோ, அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்த பீ.டி. ஒரு நாளைக்கு இரண்டு தரம், டீ.டி.எஸ். மூன்று தரம், நொக்டே என்றால் இரவில். எல்லாம் லத்தீன்தான். ரோமாபுரிக்காரர் போய் எத்தனையோ நூற்றாண்டு, அவர்களுடைய பேச்சு எங்கள் அக்காவின் மருந்துத் துண்டில் குந்தியிருக்கிறது.

கப்பல்காரருடைய எஸ்.ஓ.எஸ். கதை வேறு. 'எங்கள் உயிர்களைக் காப்பாற்றுங்கள்' என்ற ஆங்கில வசனத்தின் சுருக்கம் அது என்று நானே பல காலம் நம்பியிருந்தேன். இல்லை. 1906இல் பெர்லினில் கூடிய நாடுகள் ஒத்துக்கொண்டது ஒரு ஓசையை. மோர்ஸ் தந்தியில் மூன்று குறில், மூன்று நெடில், மறுபடி மூன்று குறில். எந்த இரைச்சலிலும் காதில் தனியாகக் கேட்கும், கை நடுங்கினாலும் அடித்துவிடலாம். எழுத்துக்கு விரிவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆகவே சுருக்கெழுத்தைக் கண்டதும் விரிவைத் தேடி ஓடாதீர்கள். எழுதியது யார், எந்த மேசையில் இருந்து எழுதினார் என்று முதலில் பாருங்கள். எனது மச்சான் தம்பலகாமத்து வயல்காரர். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு பலகையில் பீ, ஏ, டீ, ஐ என்ற எழுத்துகளைக் கண்டுவிட்டு, "இஞ்ச ஆர் நெல்லு வாங்குறது?" என்று கேட்டார். அது சுழியோடப் பழக்குகிறவர்களின் சர்வதேசச் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். சேர்த்து வாசித்தால் நெல்லுக்கான ஆங்கிலச் சொல் மாதிரியே கேட்கும். நெல்லோடே வாழ்கிற மனிசனுக்கு அந்த எழுத்தில் நெல்தான் தெரியும். அதே பலகையில் இருந்த 'ஸ்கூபா'வும் ஒரு காலத்தில் ஐந்து தனி எழுத்துகள்தான்: தண்ணீருக்கடியில் மூச்சுவிடத் தன்னகத்தே காற்றுக்கொண்ட கருவி. இப்போது யாரும் பிரித்துப் படிப்பதில்லை, சொல்லாகவே ஆகிவிட்டது. ராடார், லேசர் எல்லாம் இப்படி வந்தவைதான்.

சில சுருக்கங்கள் விரிவை விடக் கெட்டி. யுனிசெஃப் 1946இல் தொடங்கியபோது பெயரில் 'சர்வதேச', 'அவசர' என்ற சொற்கள் இருந்தன. 1953இல் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள், எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் சிவப்பு பஸ்ஸில் இ.போ.ச., அதாவது இலங்கைப் போக்குவரத்துச் சபை, என்று எழுதியிருக்கிறது. அதன் பழைய ஆங்கிலச் சுருக்கம் சீ.டி.பி., அதில் 'சீ' என்பது சிலோன். 1972இல் சிலோன் என்ற பெயரே போய்விட்டது. இன்றைக்கும் பஸ் நிலையத்தில் கேட்பது, "சீ.டி.பி. போட்டுதா?"

பழமொழிக்கு வருவோம். இங்கே எழுதியவரை மட்டும் பார்த்தால் போதாது, அவர் ஊர் வானத்தையும் பார்க்க வேண்டும். 'வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை' என்பது ஆங்கிலம். எங்கள் வெயிலில் நின்றுகொண்டு இதைப் படிக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? வெயில் எப்போது அடிக்காமல் விட்டது! இங்கிலாந்தில் கோடையிலும் மழை எந்த நேரமும் வரும். மாட்டுக்குப் புல்லை வெட்டிப் போட்டுவிட்டு, அது காய்வதற்கு இரண்டு மூன்று நாள் வெயிலுக்குத் தவம் இருக்க வேண்டும். நனைந்தால் பூஞ்சணம், பிறகு பனிக்காலத்தில் மாடு பட்டினி. எங்களுக்கோ வெயில் கேட்காமலே வரும், காற்றுத்தான் கேட்டும் வராது. சூடடித்த நெல்லை வைத்துக்கொண்டு காற்றைப் பார்த்து நின்றவன் சொன்னான், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று. அவனவனுக்கு எது அருமையோ அது அவனவன் பழமொழியில்.

நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவதும் அப்படித்தான். அந்த ஊரிலிருந்துதான் லண்டனுக்கே கப்பலில் நிலக்கரி போனது. எங்களிடம் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறது இருக்கிறது, விளக்கம் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 'அரைப் பென்னித் தாருக்காகக் கப்பலைக் கெடுக்காதே.' சில்லறை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரிய பொருளை இழக்காதே என்று கருத்து. கப்பல் பலகையில் பூசும் தார், இதில் என்ன சந்தேகம்? ஆனால் அது கப்பலே இல்லையாம். ஆங்கிலேய நாட்டுப்புறப் பேச்சு சிலவற்றில் செம்மறியாட்டுக்கான 'ஷீப்', 'ஷிப்' என்று ஒலிக்கும். ஆட்டின் புண்ணில் இலையான் மொய்க்காமல் இருக்கத் தார் தடவுவார்கள். அந்த ஆடுதான் எழுத்தில் ஏறும்போது கப்பலாகிப் போனது.

இதை ஒருநாள் பின்னேரம் டச்சுக்குடாவில் வள்ளம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். கைவேலையை விடாமல் கேட்டார்.

"ஆட்டுக்கு எண்டே இருக்கட்டும் சேர். என்ர வள்ளத்துக்கும் பூசத்தானே வேணும். அந்த வாளியை இஞ்சால தள்ளி விடுங்கோ."