ஆடிப்பட்டம் தேடி விதை: காதுக்கும் ஒரு பருவம் உண்டு

(குமாரபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர், பள்ளியின் தலைமையாசிரியர் ஐயா அவர்களே. முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே. அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே. பந்தல், ஒலிபெருக்கி, மதிய உணவு என எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்ட அரிமா சங்கத் தலைவர் அவர்களே. விசைத்தறி உரிமையாளர் சங்கச் செயலாளர் அவர்களே. பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நகர்மன்றத் தலைவர் குடிநீர்க் குழாய்ப் பணியைப் பார்வையிட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். தலைமை மருத்துவர் அம்மா இரவுப் பணி முடித்த கையோடு வந்திருக்கிறார்கள். கடைசிவரை இருப்பதாக இருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் ஐயாவுக்குத் தனியாக என் நன்றி.

காது கேட்கும் திறனைச் சோதித்துச் சரிசெய்வது என் தொழில். அதற்கான ஆடியாலஜி படிப்பைப் பற்றி மூன்று செய்திகள் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார்: எப்படிப் படிப்பது, என்ன வேலை, என்ன சம்பளம். எங்கள் தாத்தா காவிரிப் பாசனத்தில் வெள்ளாமை செய்தவர். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார் எதற்கெடுத்தாலும். கல்யாணப் பேச்சுக்கும் அதுதான், கடன் அடைப்பதற்கும் அதுதான். என் தொழிலில் அந்தப் பழமொழியைச் சொல்லாத வாரமே கிடையாது.

முதலில் படிப்பு. கேட்பு, பேச்சு இரண்டின் கோளாறுகளையும் சேர்த்துக் கற்பிக்கும் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற இளநிலைப் பட்டம். பயிற்சி ஆண்டையும் சேர்த்து நான்கு வருடம். அதற்குமேல் ஆடியாலஜியில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. நாட்டில் இந்தத் துறைக்குத் தாய்வீடு மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்புத்திறன் நிறுவனம், 1965-இல் தொடங்கியது. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் படிக்கலாம். சேரும் முன்பு ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கல்லூரிப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா?

அடுத்தது வேலை. காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது, எந்த இடத்தில் கோளாறு என்று அளப்பது, காது மிஷின் பொருத்திச் சரிசெய்வது, கேட்கப் பழக்குவது. தறிச் சத்தத்தைப் பற்றி இந்த ஊரில் பேசாமல் இருக்க முடியாது. கொட்டகைக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பல வருடம் அதில் நின்றவருக்கு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கீச்சு ஒலிதான் குறையும். அதனால் "காது நல்லாத்தானுங்க கேக்குது, பேசறதுதான் புரியல" என்பார். அது காதுக் கோளாறுதான். இதைச் செயலாளர் ஐயா அனுமதித்தால் தறிக்காரர்களிடமே தனியாகப் பேச விரும்புகிறேன்.

ஆடியாலஜிஸ்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலருக்குத் தெரியாது. நாம் விழாமல் நிற்பதற்குக் காதும் காரணம். ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை அசைவதை மூளைக்கு அவைதான் சொல்கின்றன. காதில் ஊற்றும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் கருவிழி ஒரு பக்கமாகத் துடிக்கிறது, சூடாக இருந்தால் மறுபக்கம் துடிக்கிறது என்று கவனித்தவர் வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானி. 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

ஒரு பாட்டி கதையைச் சொல்கிறேன். சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் குடும்பம். எழுபது வயதுக்கு மேல். இரண்டு மகன்கள், மருமகள், இடுப்பில் ஒரு பேத்தி எனக் குடும்பமே வந்தது. பாட்டி உள்ளே வரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏனுங் கண்ணு, படுத்தா ஊடே சுத்துதுங்க. விட்டம் கீழ வருது, தரை மேல போகுது" என்றார். மாதக்கணக்காகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூக்கம். பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தாயிற்று. மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. எங்கேயோ கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி மாட்டிய பட்டை இன்னும் கழுத்தில் இருந்தது. மூத்த மகன் என்னைத் தனியே கூப்பிட்டு, "தலையில கட்டி கிட்டி இருக்குமுங்களா மேடம்?" என்று கேட்டு அழுதுவிட்டார்.

கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தேன். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1952-இல் விவரித்த பரிசோதனை அது. சில நொடி ஒன்றுமில்லை. அப்புறம் கருவிழி துடிக்க ஆரம்பித்தது. "அய்யோ சாமி, புடிங்கடா!" என்று பாட்டி போட்ட கூச்சலில் வரவேற்பறையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என் சேலைத் தலைப்பைப் பிடித்தவர் விடவே இல்லை. காலைத் தூக்கி உதைத்ததில் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து உருண்டது.

நோய் தெரிந்துவிட்டது. உள்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் இடம் மாறி அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. தலையைத் திருப்பிப் படுத்தால் அவை நகர்ந்து உலகமே சுற்றுவதாகக் காட்டும். தலையை ஒரு வரிசையில் திருப்பியே அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று கண்டவர் அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி. சக மருத்துவர்கள் வெகுகாலம் நம்பவில்லை. அவர் கட்டுரை 1992-இல் வெளிவந்தது. மாத்திரை இல்லை, கத்தி இல்லை. சில நிமிடம் போதும்.

அதைச் செய்து உட்காரவைத்தேன். மறுபடி படுத்துப் பார்க்க வேண்டும். பாட்டி மாட்டேன் என்றார். "படுத்தாத்தான் ஊருக்குப் போலாம்மா" என்று சின்ன மகன் மிரட்டியபிறகு, கண்ணை இறுக மூடிப் படுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். மேலே பார்த்தார். "ஏனுங் கண்ணு, இப்ப ஃபேன் மட்டுந்தானுங்க சுத்துது!"

(சிரிப்பு, கைதட்டல்)

நீங்கள் கை தட்டியது சரிதான். ஆனால் அன்றைக்கு முக்கியமான நோயாளி பாட்டி இல்லை. அந்தத் தட்டு விழுந்தபோது அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினோம். தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாவிக்கொத்தோடு விளையாடிக்கொண்டிருந்த பேத்தி திரும்பவில்லை. இரண்டரை வயது. பேசுவாளா என்று கேட்டேன். "இவ அப்பனும் மூணு வயசுலதானுங்க பேசுனான்" என்றார் பாட்டி. அவள் அம்மா கட்டியிருந்தது சொந்தத் தாய்மாமனை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பதை நம் ஊரில் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலை அளக்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதிலும் உச்ச ஒலிக்குக்கூடப் பதில் இல்லை. முதலில் காது மிஷின் போட்டுப் பார்த்தோம், போதவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. அதில் செய்யப்பட்டது. அவள் அம்மா மாவு ஆட்டும்போதும் கோழிக்குத் தீனி போடும்போதும் பேசிப் பேசிப் பழக்கினார். இன்று அவள் மற்றப் பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆனாலும் வாக்கியம் கோப்பதில் தன் வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். பேச்சுக்கான ஆடி மாதம் என்பது குழந்தையின் முதல் இரண்டு மூன்று வருடங்கள். அவளுக்கு அதில் பெரும்பகுதி மழையில்லாமல் போயிற்று.

பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு குழந்தைகள் கேட்கும் திறன் குறைந்து பிறக்கின்றன. நல்ல காது, தான் கேட்ட ஒலிக்குத் தானே மெல்லிய எதிரொலி எழுப்புகிறது என்று 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். அதை அளக்கும் ஓ.ஏ.ஈ. கருவியின் முனையைக் குழந்தையின் காதில் சில நிமிடம் வைத்தால் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைக்கும் பெராவும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தலைமை மருத்துவர் அம்மா, நகர்மன்றத் தலைவர் ஐயா, என் விண்ணப்பம் இதுதான். நம் ஊர்ப் பிரசவ வார்டிலிருந்து காது பார்க்காமல் ஒரு குழந்தையும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு கருவி, வெளிச் சத்தம் வராத ஒரு சிறு அறை, ஒரு ஆடியாலஜிஸ்ட் பணியிடம். கருவியை வாங்கித் தர அரிமா சங்கம் முன்வந்தால், பணியிடத்துக்கு அரசிடம் கேட்கும் தீர்மானத்தை நகர்மன்றம் நிறைவேற்றித் தர வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர வேண்டும். தடுப்பூசியை எழுதுவதுபோலவே காதுப் பரிசோதனை முடிவையும் தாய் சேய் அட்டையில் எழுதித் தர வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊருக்கே தெரியும். விதைக்கும் ஆளைத்தான் கேட்கிறேன்.

சம்பளத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, மணி அடித்துவிட்டார்கள். கேள்விகளை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள், பதில் எழுதி அனுப்புகிறேன். மாலை நான்கு மணிவரை நூலக அறையில் கருவியோடு இருப்பேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பால் கொடுத்துத் தூங்கவைத்துத் தூக்கி வாருங்கள். தூங்கும் குழந்தைக்குத்தான் இந்தப் பரிசோதனை எளிது. கட்டணம் கிடையாது.