கொலைகாரன் பெயர் முதல் பக்கத்திலேயே

நேயர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு துப்பறியும் நாவல் எடுத்தேன். அட்டை என்றைக்கோ போய், பைண்டு செய்த புத்தகம். முதல் அத்தியாயத்துத் தலைப்புக்கு மேலே யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்: ‘கொலை செய்தது டாக்டர்.’ அடியில் ஒரு கோடு வேறு. ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன். பென்சில் போனது, டாக்டர் போகவில்லை.

அன்றைக்கு வீட்டில் படிக்க வேறு புத்தகம் இல்லை. வேறு வழியில்லாமல் அதையே படித்தேன். என்ன ஆச்சரியம்! டாக்டர் நாடி பிடிக்கிறார், துக்கம் விசாரிக்கிறார், அந்த வீட்டிலேயே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். எனக்கு முதுகு சில்லிடுகிறது. கதையில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். அந்த நாவலின் பெயர் மறந்துவிட்டது. அந்தப் பயம் மறக்கவில்லை.

நூலக வாசகர்களுக்கு நல்ல த்ரில்லர் நாவல்கள் சிலவற்றைச் சொல்லுங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். நான் இலக்கிய விமர்சகன் இல்லை. முப்பது வருடம் கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வு. வாசகர் வட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுகிற ஆள். என்னிடம் இருக்கிற அளவுகோல் அந்தப் பென்சில் எழுத்துதான். நூலகப் புத்தகம் ஐம்பது கை மாறுகிறது. எவராவது ஒருவர் முடிவைச் சொல்லிவிடுவார்; டீக்கடையிலாவது சொல்லிவிடுவார். முடிவு தெரிந்த பிறகும் ஒரு நாவல் நம்மை உட்கார வைக்கிறதா? வைத்தால் அது நூலக அலமாரிக்குரிய புத்தகம்.

அதெப்படி முடிவு தெரிந்தால் விறுவிறுப்பு இருக்கும் என்று கேட்கலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்தால் தேர் எங்கே போய் நிற்கும் என்று குழந்தைக்கும் தெரியும். ரத வீதி நாலையும் சுற்றி நிலைக்கு வரவேண்டும், வேறெங்கும் போகாது. ஆனாலும் வாகையடி முக்கில் திரும்பும்போது, தடி போடுகிறவர்கள் அவ்வளவு பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியும்போது, மாடியில் நிற்கிற சனம் மூச்சு விடுகிறதா? ‘பாபநாசம்’ படத்திலும் அப்படித்தானே? செத்தது யார், அடித்தது யார் எல்லாம் நம் கண் முன்னாலேயே நடந்துவிடுகிறது. மாட்டிக்கொள்வார்களா என்பதற்குத்தான் நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

புதுசுக்குப் போகுமுன் ஒரு பழைய பெயர், ஊர்ப் பாசத்துக்காக. தமிழில் துப்பறியும் நாவலைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் ஜே.ஆர். ரங்கராஜு. நம்ம பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் என்கிற ஆளை அவர்தான் வீடுவீடாகக் கொண்டுபோனார். நடை இன்றைக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், கதாபாத்திரங்கள் நிறைய உபதேசம் செய்வார்கள். சரி, பொறுத்துக்கொண்டு ஒருமுறை படிக்கலாம்.

அந்த 1908 என்கிற எண்ணை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் பேப்பர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதினால் 9810. திருப்பி எழுதினால் 0189. கழித்தால் 9621. மறுபடி அதையே செய்யுங்கள்: 9621இல் 1269 போனால் 8352. இன்னொரு தடவை: 8532இல் 2358 போனால் 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து சேரும். கப்ரேக்கர் என்ற மகாராஷ்டிரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கண்டுபிடித்தது, என் இனம்.

அந்த எண்ணையே தலைப்பாக வைத்து க. சுதாகர் எழுதிய நாவல் ‘6174’. 2012இல் வந்தது. லெமூரியாக் கதை, கணக்கு, புதிர், உலகத்துக்கு வரும் ஆபத்து என்று எல்லாம் சேர்ந்து ஓடுகிற கதை. சில இடங்களில் அறிவியல் விளக்கம் நீண்டுவிடுகிறது. மாணவன் கொட்டாவி விடுவது தெரியாமல் நடத்திக்கொண்டே போகிற வாத்தியார் மாதிரி. ஆனால் தமிழில் இவ்வளவு துணிச்சலாகக் கணக்கைக் கதைக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு. கணக்கு என்றால் காத தூரம் ஓடும் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு நேர் எதிரான புத்தகம் ஜெயமோகனின் ‘உலோகம்’. ஈழப் போராட்ட இயக்கம் ஒன்று அகதி வேடத்தில் இங்கே அனுப்பிய ஒரு கொலையாளி, தானே தன் கதையைச் சொல்கிறான். யார் கொல்வான் என்ற கேள்விக்கே இடமில்லை. கொல்லவேண்டிய ஆளுக்குப் பக்கத்திலேயே, அவருக்குக் காவலாக, அவன் நாட்களைக் கழிக்கிறான். எப்போது உத்தரவு வரும்? வந்தால் கை எழுமா? மெலிந்த புத்தகம்தான், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். முடித்தபிறகு தூக்கம் வருமா என்பது வேறு விஷயம்.

இப்போது நான் அதிக நேரம் பேச ஆசைப்படுகிற புத்தகம். கெய்கோ ஹிகாஷினோ என்கிற ஜப்பானியர் எழுதியது, ஆங்கிலத்தில் ‘த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானிய மொழியில் 2005இல் வந்து, அங்கே பெரிய மதிப்புள்ள நவோகி பரிசை வாங்கியது. ஒரு பெண், அவள் மகள். முன்னாள் கணவன் வந்து தொந்தரவு செய்கிறான்; கைகலப்பில் அவன் செத்துப்போகிறான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உதவி வேண்டுமா என்று கேட்கிறார். அவர் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். இதைச் சொன்னதும் எங்கள் வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கொன்றது யார், ஏன் என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. பென்சில்காரருக்கு இங்கே வேலையே இல்லை. வாத்தியார் போலீசுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுக்கிறார், அவ்வளவுதான். அதைத் தீர்க்க வருகிறவர் அவருடைய கல்லூரி நண்பர், இயற்பியல் பேராசிரியர். யாராலும் தீர்க்க முடியாத கணக்கைப் போடுவது கடினமா, அதைத் தீர்ப்பது கடினமா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். வினாத்தாள் தயாரித்தவன் என்ற முறையில் என் ஓட்டு, கணக்கைத் தயாரிக்கிறவனுக்கே.

இன்னொரு இடம். தான் தேர்வில் எப்படிக் கேள்வி கேட்பார் என்று அந்த வாத்தியார் சொல்கிறார்: பார்த்தால் வடிவியல் கணக்கு போலத் தெரியும், உண்மையில் அது சார்புகளை, அதாவது ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்பார்களே, அதைப் பற்றிய கணக்கு. முதல் முறை படிக்கும்போது இதைத் தாண்டிப் போய்விட்டேன். மொத்த நாவலும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது என்று இரண்டாம் முறைதான் புரிந்தது. இதற்கு மேல் சொன்னால் நானே பென்சில் எடுத்தவன் ஆகிவிடுவேன்.

வயதானவர்களுக்கு என்று கேட்டால் ரிச்சர்ட் ஆஸ்மன் 2020இல் எழுதிய ‘த தர்ஸ்டே மர்டர் கிளப்’. இங்கிலாந்தில் ஒரு முதியோர் குடியிருப்பு. வியாழக்கிழமைதோறும் நாலு பேர் கூடி, போலீஸ் கைவிட்ட பழைய கொலை வழக்குகளைத் துருவுகிறார்கள். ஒருத்தி முன்னாள் உளவாளி, ஒருத்தி நர்சாக இருந்தவள், ஒருவர் மனநல மருத்துவர், இன்னொருவர் தொழிற்சங்கக்காரர். கொலை முடிச்சு கொஞ்சம் தொளதொள என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த நர்ஸ் எழுதும் டைரி இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம். எங்கள் நூலகப் படியிலும் காலையில் கதவு திறக்குமுன் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேப்பரை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, ஊர் வழக்கு அத்தனையையும் அங்கேயே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இந்தப் புத்தகத்தை முதலில் அவர்களுக்குத்தான் கதையாகச் சொன்னேன். ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, அந்த நாலு பேருக்கும் டீ யாரு வாங்கிக் குடுக்கா?”

நம்ம பக்கத்து மலை வாசம் வேண்டுமென்றால் ஆர்.வி. ராமன் எழுதிய ‘எ வில் டு கில்’. இதுவும் ஆங்கிலம்தான். நீலகிரியில் ஒரு பழைய பங்களா. முதலாளி இரண்டு உயில் எழுதி வைத்திருக்கிறார்: இயற்கையாகச் செத்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்ததும் மண் சரிந்து பாதை அடைபடுகிறது. முதல் அறுபது பக்கம் பொறுமை வேண்டும். மாஞ்சோலைக்குப் போய், எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனியில் நின்றவர்களுக்கு அந்த இடங்கள் உடனே பிடிபடும். அப்படியே மணிமுத்தாறுக்கு மேலே வைத்து யாராவது தமிழில் எழுதக்கூடாதா என்று படிக்கும்போதெல்லாம் தோன்றியது. ஹரிணி நாகேந்திராவின் ‘த பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’பும் பிடிக்கும், 1921இல் பெங்களூரில் கணக்குப் பைத்தியம் பிடித்த ஒரு இளம் மனைவி துப்பறிகிறாள். மறுபடியும் கணக்கு! என்னை மன்னியுங்கள்.

இளைஞர்கள் ‘த சைலண்ட் பேஷண்ட்’, ‘த ஹவுஸ்மெய்ட்’ எல்லாம் கேட்கிறார்கள். கைப்பேசியிலேயே படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள். நானும் படித்தேன். வேகமான புத்தகங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை, தென்காசி பாசஞ்சரில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. ஆனால் திருப்பம் தெரிந்தவனுக்கு அப்புறம் அங்கே அதிக வேலை இல்லை. என் அளவுகோலில் அவை தேறவில்லை. உங்கள் அளவுகோல் வேறாக இருக்கலாம்.

நான் சொன்ன புத்தகம் எங்கள் ஊர் நூலகத்தில் இல்லையே என்றால், பேசாமல் திரும்பி வராதீர்கள். நூலகரிடம் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். நாலு பேர் தனித்தனியாகக் கேட்டால் இன்னும் நல்லது. கையில் நல்ல பிரதி இருப்பவர்கள் படித்து முடித்ததும் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அந்தப் பென்சில்காரர் இன்றைக்கும் எங்காவது உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஒரு வேண்டுகோள். ஐயா, எழுதியே ஆகவேண்டும் என்றால் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.

வணக்கம்.