இட்லி ஒன்று, மிக்சர் ஒரு டப்பா

நேயர்களுக்கு வணக்கம். எடை குறைப்புக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களோடு பேசுகிற மனநல ஆலோசகர் நான். ஒரு அம்மா வந்திருந்தார். “ஒரு இட்லிக்கு மேல இறங்கவே மாட்டேங்குது மேடம்” என்றார். கூட வந்த மகள், “ஆனா டி.வி. முன்னாடி உக்காந்தா மிக்சர் டப்பா காலியாயிடுதே” என்றாள்.

இரண்டும் உண்மைதான். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். ‘பைபாஸ்’ முறையில் உணவு போய்ச் சேரும் பை சுமார் 30 மில்லிதான். அங்கே இட்லி சட்டென்று நிறைத்துவிடும். மிக்சரோ கொறிக்கக் கொறிக்க மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதை ‘மிகையுணவுக் கோளாறு’ என்போம். அதைக் கண்டறிய, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு முக்கியமாக இரண்டைப் பார்க்கச் சொல்கிறது: மற்றவர்களைவிட வெகு அதிகமாகச் சாப்பிட்டாரா? அப்போது கட்டுப்பாடு கைவிட்டுப் போனதா? முதல் கேள்விக்கு 30 மில்லி வயிறு என்ன பதில் சொல்லும்? ‘இல்லை’ என்று டிக் அடித்து அனுப்பிவிடலாம், கோளாறும் கூடவே வீட்டுக்குப் போய்விடும். அதனால் நான் அளவைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை. “பாதியில் டப்பாவை மூட முடிந்ததா?” என்று கேட்டேன். மூடிப் பரணில் வைத்தாராம். பத்து நிமிடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாராம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அளந்து சாப்பிடுவது, மென்றுகொண்டே இருப்பது, பந்தியில் பாதியை ஒதுக்குவது எல்லாம் வேறொருவரிடம் இருந்தால் நான் கவலைப்படுவேன். இவர்களுக்கு அது டாக்டர் சொன்ன பத்தியம்.

அப்புறம், வாந்தி. அவசரமாக விழுங்கினால் சோறோ கறியோ அடைத்துக்கொண்டு வெளியே வரும். எடை ஏறிவிடும் என்ற பயத்தில் விரலை விட்டு எடுப்பது வேறு கதை. வாஷ்பேசின் சத்தத்தை மட்டும் கேட்கிற வீட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. எதுவானாலும், வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் பி1 குறைந்தால் மூளையே பாதிக்கப்படும்.

முதல் வருடம் எடை மளமளவென்று இறங்கும், பாராட்டு குவியும். பசி திரும்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பலர் செக்கப்புக்கு வருவதை நிறுத்துவதும் அப்போதுதான். அந்த அம்மாவும் ஒன்றரை வருடம் கழித்து, மகள் இழுத்து வந்ததால் வந்தவர். வாந்தியைப் பற்றிக் கேட்குமுன் மகளை வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும், “எதுல இருந்து சொல்லட்டும்?” என்றார்.

நன்றி, வணக்கம்.